பயனற்ற சதுப்பு

வீரசிங்கம் அந்த அலையாத்திக் காட்டைப் பார்த்தது மொத்தம் பத்து நிமிடம். 1981ஆம் ஆண்டு. கிள்ளானுக்கு மேற்கே, கடலோரத் தென்னந்தோட்டத்தின் மண்கரைமேல் ஜீப்பை நிறுத்தினார். காட்டை அழித்து இறால் குளம் வெட்ட ஒரு கம்பெனி விண்ணப்பித்திருந்தது. இடத்தைப் பார்த்து அரசாங்கத்துக்கு எழுத வேண்டியவர் அவர்தான். அன்று மாலை பட்டணத்தில் தன் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் மைத்துனிக்குக் கல்யாணப் பேச்சு. ஜீப்பிலிருந்து இறங்கிச் சேற்றில் கால் வைக்க மனம் வரவில்லை.

நண்டுக் கூடையோடு ஏறி வந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி அலையாத்தி மரங்களைக் காட்டித் தானாகவே சொன்னாள்: “சார், இந்தப் பாக்காவ் மரம் நிக்கிறதாலதான் கரை நிக்குது. வெட்ட விட்டுடாதீங்க லா.”

“பார்க்கிறன்” என்றார். பார்க்கவில்லை. மறுநாள், ‘பயனற்ற சதுப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

காட்டை வெட்டிக் குளம் தோண்டிய மூன்றாம் ஆண்டு, பெரிய அலையேற்றத்தில் கரை உடைந்தது. கடல் இறால் குளங்களை விழுங்கி, தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளுக்குள் இடுப்பளவு நின்றது. உப்பேறிய தென்னைகள் கருகின. சேதத்தைப் பார்க்க அலுவலகம் அவரையே அனுப்பியது.

அதே பெண், இராஜம்மா, ஈரப் பாயை உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் கணவர் கன்னையா நனைந்த அரிசியை வாரி வெளியே கொட்டினார். என்ன பேசுவதென்று தெரியாமல், “இப்ப நண்டு பிடிபடுதா?” என்று கேட்டுவைத்தார் வீரசிங்கம்.

“காடே இல்ல, நண்டு எங்க சார் இருக்கும்? அத வித்துதான் புள்ளைங்க ஸ்கூலுக்குப் போனுச்சி.”

“அந்த ரிப்போர்ட் எழுதினது நான்தான்.”

“தெரியும் சார். நீங்க கீழயே எறங்கலன்னு அன்னிக்கே இவருகிட்ட சொன்னேன்.”

குரலில் கோபமே இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

புதிய அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினார். மரங்கள் இருந்திருந்தால் அலையின் வேகம் தணிந்திருக்கும். உடைந்த கரையைக் கட்டிக்கொண்டே இருப்பதைவிடக் காட்டை மீண்டும் வளர்ப்பது மலிவு. முந்தைய அறிக்கை தவறு, அந்தத் தவறு என்னுடையது. மேலதிகாரி கடைசி வரியில் விரல் வைத்தார். “இது எதுக்கு, மிஸ்டர் வீரா? பென்ஷன் வேணாமா?” வீரசிங்கம் அந்த வரியை அடித்தார். மீதி அப்படியே ஏற்கப்பட்டது.

அதன்பின் ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போனார். முழங்கால் சேற்றில் நின்று, முருங்கைக்காய் போல நீண்ட விதைகளை இராஜம்மா காட்டியபடி ஊன்றினார். முதல் நடவை அலை கொண்டுபோனது. அடுத்த நடவில் பாதி தேறியது. ஆறேழு வருடத்தில் மரங்கள் ஆளுயரம் தாண்டின. நண்டு வந்தது. பெரிய அலை வந்தும் கரை அசையவில்லை.

தோட்டத்துப் பள்ளியில் பாராட்டு விழா வைத்தார்கள். “காட்டைக் காத்த பெருமகனார்” என்று விழாக்குழுச் செயலாளர் இரமணி மாலை போட்டார். வீரசிங்கம் மைக்கின்முன் வந்து நின்றார். “இந்தக் காட்டை வெட்டலாம் எண்டு எழுதினதே நான்தான்” என்றார்.

சபை ஒரு கணம் விழித்தது. அப்புறம், எவ்வளவு அடக்கமான மனிதர் என்று சிரித்துக் கைதட்டியது.

முன்வரிசையில் இருந்த இராஜம்மா மட்டும் கைதட்டவில்லை. “அவங்க காதுல ஏறல சார். இன்னொரு தடவ சொல்லுங்க” என்றாள்.

மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, வீரசிங்கம் மறுபடியும் சொன்னார். ஜீப்பிலிருந்து இறங்காததையும், பயந்து அடித்த வரியையும் சேர்த்தே சொன்னார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.