இருநூறு தலை வேண்டும்

நான் அவசரக்காரி. அவசரத்தில் ஊரையே கெடுக்கப் பார்த்தேன்.

1980-இல் மலேசியாவில் நடந்தது. சிம்பாங் பூலாய்க்கு உள்ளே எங்கள் ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். மரம் வெட்டிய பாதியில் குத்தகைக்குப் பயிற்றங்காய் போட்டோம். காய் ஈப்போ சந்தைக்குப் போனது. தண்ணீர்தான் இல்லை. பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலிருந்து ஒரு நாளைக்கு நாற்பது டின் தூக்கித் தூக்கி என் இடுப்பே விட்டுப்போயிற்று. குழாய் கேட்டு மனுப் போட்டிருந்தோம்.

அன்று காலை மோட்டார் சைக்கிளில் கோப்போடு ஓர் அதிகாரி வந்தார். பார்த்ததும் ஓடிப்போய்ப் பெரட்டுத் தண்டவாளத்தை அடித்துவிட்டேன். முன்பு வேலைக்கு ஆள் கூட்ட அடித்த தண்டவாளம் அது. இப்போது சிவப்பு அடையாள அட்டைக்காரர்களை ஓடி ஒளியச் சொல்லி அடிப்போம். குடியுரிமை இல்லை, பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். என் புருஷன் ஐயாவுதான் முதலில் மீதி ரப்பர்க் காட்டுக்குள் பாய்ந்தார்.

வந்தவர் பஞ்சலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர்.

"குழாய்க்கு மனுப் போட்டனீங்கள்தானே? இருநூறு பேர் இருந்தால்தான் போடுவினம். பின்னேரம் அறிக்கை குடுக்கவேணும்," என்றார். எண்ணினார். நூற்றெழுபத்தொன்று.

மீதிப் பேரைக் காட்டுக்குள் விரட்டியதே நான்தான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்!

"ஐயா, செவப்பு அட்டைய எண்ணலாமா?"

"தண்ணி குடிக்கிற ஆள் எண்டால் காணும் அம்மா. அட்டையின்ர நிறம் எனக்கு வேண்டாம்."

தண்டவாளத்தை மறுபடி அடித்தால் கோப்பேங் டவுன் வரைக்கும் ஓடிவிடுவார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காட்டுக்கு ஓடினேன்.

"வெளிய வாங்க லா! புடிக்க வரல, கொழாய்க்கு எண்ண வந்திருக்காரு!"

ஓர் இலை அசையவில்லை.

"இருளாயி! சீனி அண்ணே! உங்க காயி காயுது, அங்க என்ன தூக்கமா?"

யாரும் வரவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏங்க, என் இடுப்பு முடியலங்க. இனிமே ஒரு டின்னுகூட என்னால தூக்க முடியாது."

புதர் விலகியது. முழங்கால் வரை சேறோடு ஐயாவு வந்தார். நேராக அதிகாரி முன்னால் போய் நின்றார்.

"பேர்?"

"ஐயாவு."

"எவ்வளவு காலமா இங்க?"

"பொறந்ததே இந்தத் தோட்டத்துலதாங்க. நாப்பத்தொரு வருசம்."

பஞ்சலிங்கத்தின் பேனா நின்றது. அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மெதுவாக எழுதினார்.

"நூற்றெழுபத்திரண்டு."

அவ்வளவுதான்! காட்டின் நாலு பக்கமிருந்தும் ஆட்கள் கிளம்பினார்கள். இருளாயி ஓடி வந்தாள், சீனி அண்ணன் கைக்குழந்தையோடு வந்தார். "என்னையும் எழுதுங்க, என்னையும்!" என்று ஒரே கூச்சல். இருநூறு தாண்டியபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இருநூற்று மூன்றில் கோடு இழுத்தார்.

மோட்டார் சைக்கிள் கிளம்பியது. பழக்க தோஷத்தில் சிலர் மரத்துப் பக்கம் ஒதுங்கினார்கள். என் புருஷன் மட்டும் நடுச் சாலையில் நின்று, அது கண்ணுக்கு மறையும் வரை கையசைத்துக்கொண்டே இருந்தார்.