பழைய உடுப்பு, இருபது பவுண்ட்

நிம்மதியான நித்திரையின் விலை ஆறு பவுண்ட். லண்டன் மனோர் பார்க் ஸ்டேசனடியில் பார்சல் அனுப்புகிற கடை வைத்திருந்த பாலேந்திரா, வருகிற எல்லோரிடமும் அப்படிச் சொல்லித்தான் இன்சூரன்ஸ் விற்பார். "ஆயிரம் பவுண்ட் சாமானுக்கு ஆறு பவுண்ட் கட்டினால் நீங்கள் நித்திரை கொள்ளலாம்." கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, கொழும்புக்குப் போகிற பால்மா டின்னுக்கும் பழைய சேலைக்கும் இன்சூரன்ஸ் எதற்கு என்று கட்டாமல் போவார்கள்.

கட்டக்கூடிய ஒரே மனிதர் அவருடைய கடைக்கு வந்தார்தான். பாலேந்திராவே அவரை விரட்டிவிட்டார்.

இரண்டாயிரத்து ஐந்து, கார்த்திகை மாதம். லண்டனில் குண்டு வெடித்து நாலு மாதம். பிரவுண் தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் இரண்டு பெட்டியோடு வந்து, பெயர் விட்லொக், வீடு ஃபாரஸ்ட் கேட் என்று சொல்லி, "இதற்குள் ரைஃபிள் ஸ்கோப் இருக்கிறது" என்றார். பாலேந்திராவின் காதில் முதற் சொல் மட்டும்தான் விழுந்தது. மனுசனுக்கு வியர்த்துவிட்டது. "நோ கன், சேர். நோ கன்" என்று இரண்டு கையையும் தூக்கிவிட்டார், பெட்டிதான் தன்னைச் சுடப்போகிறது என்பதுபோல.

கிழவர் கோபிக்கவில்லை. றோட்டைக் கடந்து எதிரே இருந்த சச்சிதானந்தனின் பார்சல் கடைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில் சச்சிதானந்தன் சிரித்துச் சிரித்துச் சொன்னான். "அண்ணை, அது துவக்கில்லை. துவக்குக்கு மேலை பூட்டுற தூரம் பாக்கிற குழாய். மான் சுடுறவை வாங்கிறது. லைசென்சும் தேவையில்லை. பழைய ஜெர்மன் குழாயளை வாங்கித் திருத்தி, ஒவ்வொண்டும் ஆயிரம் பவுண்டுக்கு மேலை விக்கிறார். ஒவ்வொண்டுக்கும் முழு இன்சூரன்ஸ்!"

அந்த வெள்ளிக்கிழமை தொடக்கம் பாலேந்திராவுக்குச் சாப்பாடு செமிக்கவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் பதினொன்றரைக்குக் கிழவர் வருவார். நாலு பெட்டி. சச்சிதானந்தன் ஓடிவந்து கதவைத் திறந்து பிடிப்பான். ஒரு பெட்டிக்கு ஒன்றரைப் பவுண்ட் கமிஷன் என்றால் நாளொன்றுக்கு ஆறு, கிழமைக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டு பவுண்ட் பெரிய காசில்லை. ஆனால் பால்மா டின்னைக் கயிறு போட்டுக் கட்டுகிறவனுக்கும் ஆயிரம் பவுண்ட் சாமானுக்கு ரசீது வெட்டுகிறவனுக்கும் றோட்டில் நடக்கிற நடையே வேறு. சச்சிதானந்தன் இப்போது அந்த நடைதான் நடந்தான். வாசலில் புதுப் பலகை தொங்கவிட்டான்: 'விலை உயர்ந்த பொருட்கள் எமது சிறப்பு.' பாலேந்திரா அதை ஒரு நாளைக்கு முப்பது தரம் வாசித்தார்.

"கண்ணாடி துடைக்கிறன் எண்டு நிண்டு அவன்ரை கடையைப் பாக்கிறீங்கள்" என்பாள் மனைவி கனகாம்பிகை. "துடைச்சுத் துடைச்சுக் கண்ணாடி ஓட்டையாகப் போகுது."

"நான் பஸ் வருதோ எண்டு பாக்கிறன்."

"பஸ் என்ன தொப்பி போட்டுக்கொண்டோ வருது?"

அடுத்த வருடம் ஆனி மாதத்தில் சச்சிதானந்தன் ஒரு நாள் கடைக்கு வந்தான். "அண்ணை, அக்காவின்ரை மகளுக்குக் கலியாணம். மூண்டு கிழமை டொரொன்டோ போறன். கிழவனை உங்களிட்டை வரச் சொல்லியிருக்கிறன். கவனமாப் பாருங்கோ, நல்ல மனுசன்."

"ஓம், ஓம். நீர் சந்தோசமாப் போட்டு வாரும்" என்றார் பாலேந்திரா. வாய் மட்டும் சிரித்தது. முதலில் தன் வாசலுக்கு வந்த மனிதனைத் தனக்கே இரவல் தருகிறான்! இந்த மூன்று கிழமைக்குள் கிழவரை இங்கேயே ஒட்டவைக்காவிட்டால் தான் பாலேந்திரா இல்லை என்று அப்போதே தீர்மானித்தார்.

செவ்வாய் பதினொன்றரைக்குக் கிழவர் வந்தபோது கதிரை தயார், தேத்தண்ணி தயார், சுடச்சுட வடையும் தயார். பாலேந்திரா படிவத்தை எடுத்தார். ஒரு பெட்டி இன்வெர்னஸுக்கு. அங்கே ஒருவர் ஆடி முதலாம் திகதி மான் வேட்டை தொடங்கமுன் குழாய் வேண்டும் என்று நிற்கிறாராம். பெறுமதி ஆயிரத்து இருநூற்றைம்பது. இன்சூரன்ஸ் துண்டில் அந்தத் தொகையை ஒழுங்காக எழுதி ஏழரைப் பவுண்ட் வாங்கினார்.

அடுத்தது, பெட்டியோடு போகிற படிவம். 'உள்ளே என்ன?' என்ற கட்டத்தில் பேனை நின்றுவிட்டது.

யாழ்ப்பாணத்தில் ஒருமுறை, பையில் டோர்ச் பற்றரி இரண்டு இருந்த குற்றத்துக்கு ஆமிக்காரர் அவரை ஒன்பது நாள் உள்ளே வைத்திருந்தார்கள். அந்தக் கை, கீழே தன் கையெழுத்துப் போடுகிற ஒரு கடதாசியில் ரைஃபிள் என்ற சொல்லை எழுத மாட்டேன் என்று நின்றது. நின்ற கை, கொழும்புப் பெட்டிகளுக்கு ஆயிரக்கணக்கான தரம் எழுதிப் பழகியதைத் தானாகவே எழுதியது: 'பழைய உடுப்பு, இருபது பவுண்ட்.'

எழுதியபிறகு அவருக்கு அது கெட்டித்தனமாகவே பட்டது. பழைய உடுப்பை எந்தக் கள்ளன் தொடப்போகிறான்? சச்சிதானந்தனுக்கு இப்படி ஒரு மூளை இருக்கிறதா?

மூன்று கிழமையில் இருபத்துநாலு பெட்டி போயின. எல்லாம் பழைய உடுப்பு. இருபத்துமூன்று போய்ச் சேர்ந்தன. இன்வெர்னஸ் பெட்டியை மட்டும் காணவில்லை.

இன்சூரன்ஸ் கொம்பனிக்கு எழுதினார். பதில் கெதியாகவே வந்தது. பெட்டியோடு போன படிவத்தின்படி உள்ளே இருந்தது பழைய உடுப்பு, பெறுமதி இருபது, இத்துடன் இருபது பவுண்டுக்கான காசோலை. போன் எடுத்தார். மறுமுனையில் ஒரு பெண் மிக மரியாதையாகக் கேட்டாள்: உங்கள் இரண்டு கடதாசியில் எது உண்மை, சேர்? ஸ்கோப் என்றால், பொய்ப் படிவம் கொடுத்தவர் என்று கணக்கை மூடுவார்கள். உடுப்பு என்றால் இருபது பவுண்ட். பாலேந்திரா நன்றி சொல்லிப் போனை வைத்தார்.

சச்சிதானந்தன் ஞாயிறு வருகிறான். வந்ததும் கிழவர் அவனிடம்தான் முறையிடுவார். கோயிலில் அவன் சிரித்துச் சிரித்துச் சொல்லப்போகிற கதை பாலேந்திராவின் காதில் இப்போதே கேட்டது. ஆயிரத்து இருநூற்றைம்பது போனால் போகட்டும், அந்தச் சிரிப்பை மட்டும் தாங்க ஏலாது.

வியாழன், மாதாமாதம் கட்டிவந்த சீட்டுக் காசை எடுத்தார். வெள்ளி பதினொன்றரைக்குக் கிழவரின் கையில் கவரைக் கொடுத்தார். "இன்சூரன்ஸ் காசு, சேர்."

கிழவர் இரண்டு தரம் எண்ணினார். "எட்டு நாளிலா? சச்சி அனுப்பியதில் ஒன்று உடைந்து, நாலு மாதம் இழுத்தார்களே!"

"எங்கள் இன்சூரன்ஸ் வேறு மாதிரி" என்றார் பாலேந்திரா. அதில் பொய் ஒன்றும் இல்லை.

அடுத்த செவ்வாய், சச்சிதானந்தன் கதவைத் திறந்து பிடித்தபடி நிற்க, கிழவர் அவனுக்குத் தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டு நேரே பாலேந்திராவிடம் வந்தார். பத்து நிமிடத்தில் பின்னாலேயே சச்சிதானந்தனும் வந்தான்.

"அண்ணை, கிழவன் உங்களிட்டையே நிண்டிட்டான்."

"வாற ஆளைப் போ எண்டு சொல்லேலுமே?"

"முந்தி ஒருக்காச் சொன்னனீங்கள்தானே." சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. "எட்டு நாளிலை காசு குடுத்தவையாம். ஆர் உந்தக் கொம்பனி? நம்பரை எனக்கும் தாங்கோ."

"அவை எல்லாரையும் எடுக்கமாட்டினம், சச்சி."

"உங்களை எடுத்தவை என்னை எடுக்கமாட்டினமோ?"

உள்ளே பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த கனகாம்பிகை தலையை நீட்டினாள். "அந்தக் கொம்பனி இன்னும் ஒரு ஆளைத் தாங்காது, தம்பி. இப்பவே மூச்சு வாங்குது."

சச்சிதானந்தன் முகம் கறுத்து வெளியேறினான். றோட்டைக் கடக்கும்போது பழைய நடை இல்லை. பாலேந்திரா வாசலில் நின்று, அவன் உள்ளே போய்க் கதவு மூடும்வரைக்கும் பார்த்தார். ஏழு மாதமாகத் தான் போட்டுக்கொண்டிருந்த முகத்தை இன்னொருவனில் பார்ப்பது இவ்வளவு தித்திக்கும் என்று அவருக்குத் தெரியாது.

அன்று தொடக்கம் படிவத்தில் 'ரைஃபிள் ஸ்கோப்' என்று பெரிய எழுத்தில் எழுதினார். வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டமுன் கனகாம்பிகை கணக்குக் கொப்பியை விரித்தாள்.

"ஒரு பெட்டிக்கு ஒண்டரை. எண்ணூற்றிருபது பெட்டி போனால்தான் சீட்டுக் காசு திரும்பும். கிழமைக்கு எட்டு. ரெண்டு வருசம். கிழவனுக்கு வயசென்ன?"

"எழுபத்தாறாம்."

"இருமல் கிருமல் இருக்கோ?"

"சும்மா இரும். அதோடை, சச்சியின்ரை முகத்தை ஏன் எழுதேல்லை? அதுவும் வரவுதானே. நூறு போடும்."

"அந்த மூஞ்சிக்கு நூறோ? ரெண்டு போடுறன்."

"ஐம்பது."

"அஞ்சு. அதுக்கு மேலை ஒரு சதமும் இல்லை."

"கனகம், நீர் அந்த முகத்தை வடிவாப் பாக்கேல்லை."

பத்தில் முடிந்தது. அவள் எழுதினாள்: கொடுத்தது ஆயிரத்து இருநூற்றைம்பது. கொம்பனி தந்தது இருபது. பெட்டி முப்பத்திரண்டுக்கும் கமிஷன் நாற்பத்தெட்டு. சச்சிதானந்தன் முகம் பத்து. பாக்கி ஆயிரத்து நூற்றெழுபத்திரண்டு.