இருபத்தைந்தாவது ஆட்டம்

"ஒரே நிமிஷத்துல எட்டுப் பேருக்குக் கால் விளங்காமப் போச்சு. நான் என் ஜாக்கெட்டைக் கழட்டினேன். அவ்வளவுதான், எட்டுப் பேரும் எழுந்து மான் மாதிரி ஓடினாங்க. எழுதிக்கம்மா," என்றார் எகோன் வ்ரோபெல்.

மைக்கே எழுதவில்லை. பேனாவைக் கடித்தபடி அவரைப் பார்த்தாள். கிளப் அலுவலகம் அவளை அனுப்பியது வேறு காரியத்துக்கு. சாலைக்கு எதிர்ப்புறம், வெஸ்டரோடே கால்பந்து மைதானத்தின் புதுக் கேலரி நெற்றியில், கிரேன் தொட்டிலில் நின்றபடி இரண்டு தொழிலாளர்கள் ஆளுயர எழுத்துகளை முடுக்கிக்கொண்டிருந்தார்கள். 'பிரிங்க்' ஏறிவிட்டது. 'ஹவுஸ்' இன்னும் லாரியில் கிடந்தது. பதினெட்டு வருடம் கிளப்பை நிர்வகித்த பிரிங்க்ஹவுஸின் பெயரில் சனிக்கிழமை திறப்பு விழா. விழா மலருக்கு அவரைப் பற்றிப் பழைய ஆட்கள் நாலு நல்ல வரி சொல்ல வேண்டும்.

பழைய ஆட்கள் என்றால் குல்செனின் பெட்டிக்கடை வாசலில்தான் கிடைப்பார்கள். எகோன் இருபத்தாறு வருடம் கிளப்பின் சட்டைகளைத் துவைத்து, பூட்ஸ்களுக்கு ஆணி திருகியவர். பக்கத்து ஸ்டூலில் காபிக் கோப்பையோடு இருந்த லோதர் நோவொட்னி, ஆட்டக்காரர்களுக்குக் காலைப் பிடித்துவிட்டவர்.

"நிஜமாங்கய்யா?" என்று மைக்கே லோதரைக் கேட்டாள்.

"சதைப்பிடிப்பு," என்றார் லோதர். "அன்னிக்கு நல்ல வெயில். ஓடி ஓடி உடம்புல தண்ணி வத்திப்போச்சு. இவன் இருபத்தஞ்சு வருஷமா இதைத் திருவிழாவாக்கிட்டு இருக்கான்."

"நாப்பதாயிரம் பேரு பாத்தாங்கடா!"

"நாலாயிரம். அதுல பாதிப் பேரு சாசேஜ் வரிசையில நின்னாங்க."

குல்சென் உள்ளேயிருந்து சிரித்தாள். எகோனுக்கு அது போதும். ஸ்டூலை மைக்கே பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

அந்த வருடம் கிளப்பின் ஸ்ட்ரைக்கர் ஹார்ட்முட் பியெல்கா. ஊருக்கு அவன் ஹார்டி. வயது முப்பத்து நாலு. பதினேழு வயதில் உருக்காலை வாசலில் இருந்து நேரே மைதானத்துக்கு வந்தவன். ஐந்து கிளப், இருநூற்றுப் பதினொரு கோல். எகோன் கணக்கில் ஐந்நூறு. இடது முட்டியை இரண்டு தடவை அறுத்துத் தைத்திருந்தார்கள். அவனுடைய ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: ஒரு பருவத்தில் இருபத்தைந்து ஆட்டங்களில் இறங்கினால், ஒரு நிமிடம் இறங்கினாலும் சரி, அடுத்த ஒரு வருடம் வேலை தானாக நீளும். அந்த முட்டியை வைத்துக்கொண்டு வேறெந்தக் கிளப்பும் அவனை எடுக்காது. வீட்டில் மனைவிக்கு ஐந்து மாதக் கர்ப்பம்.

ஏப்ரல் தொடக்கத்தில் அவனுக்கு இருபத்து நாலு ஆட்டம் முடிந்தது. அடுத்த சனிக்கிழமையிலிருந்து ஹார்டி பெஞ்சில்.

"யாரு சொல்லி?" என்று மைக்கே கேட்டாள்.

எகோன் எதிரே தொங்கிய 'பிரிங்க்'கை மோவாயால் காட்டினார். "பட்டியல்ல பேரு இருக்கும். நாளைக்குக் கோர்ட்டுல யாராச்சும் கேட்டா, 'நாங்க ஒதுக்கலையே' அப்படின்னு காட்ட. ஆனா இறக்க மாட்டாங்க. எட்டு வாரம் அவன் கோட்டோரமா முன்னயும் பின்னயும் ஓடி உடம்பைச் சூடாக்கினான் பாரு, அந்தத் தடத்துல இன்னிக்கும் புல்லு முளைக்கலை."

"முளைச்சிருக்கு," என்றார் லோதர்.

கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில். தோற்றால் கிளப் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். சமன் செய்தால் தப்பிக்கும். அன்று காலை பிரிங்க்ஹவுஸ் சட்டை அறைக்கே வந்தார். ஒட்டக நிறக் கோட்டு, கையில் குடை. ஹார்டியின் ஒன்பதாம் எண் சட்டை அலமாரியிலேயே இருக்கட்டும், சாவி தன்னிடம் இருக்கட்டும் என்றார். எகோன் அலமாரியைப் பூட்டி, சாவியைப் பணிவாக அவர் கையில் வைத்தார். அவர் போனதும் தன் ஜாக்கெட்டின் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். ஒன்பதாம் எண் அதற்குள் இருந்தது.

"உன் வயித்துக்கு அந்தச் சட்டையா?" என்று குல்சென் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"மூச்சு விடலை நான். மூணு மணி நேரம்!"

எண்பதாவது நிமிடம் ஒன்றுக்கு ஒன்று. இரண்டு மாற்று ஆட்டக்காரர்கள் இறங்கியாயிற்று, பாக்கி ஒரு இடம். பெஞ்சில் மாற்றுக் கோல்கீப்பரும் ஹார்டியும் மட்டும். நடுக்கோட்டருகே பந்து இல்லாமல் நின்றுகொண்டிருந்த கேப்டன் ஆர்னே, பெஞ்சை ஒரு தடவை பார்த்துவிட்டு, படுக்கை விரிப்பது போல நிதானமாகக் கீழே படுத்துக் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டான். லோதர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் போய்ச் சேருவதற்குள் ஜெலால் படுத்தான். பிறகு மூன்றாவது ஆள், நாலாவது ஆள். எட்டுப் பேர். மீதி மூவரில் கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். தானும் படுத்திருக்கலாம் என்று சாயங்காலம் வருத்தப்பட்டான்.

நடுவர் கோட்டோரம் வந்து பயிற்சியாளரிடம் சொன்னார்: ஏழு பேராவது நிற்கவில்லை என்றால் ஆட்டம் ரத்து, தோல்வி. பயிற்சியாளர் மேலே கேலரியைப் பார்த்தார். பிரிங்க்ஹவுஸ் எழுந்து நின்று, கூடாது என்று குடையை ஆட்டினார். அதற்குள் கேலரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "ஹார்டி! ஹார்டி!" என்று பலகைகளைக் காலால் உதைத்தார்கள்.

"பயிற்சியாளர் சொன்னாரு: 'அவனுக்குச் சட்டை இல்லையே.' அப்பத்தாம்மா நான் ஜாக்கெட்டைக் கழட்டினேன்."

எகோன் பெட்டிக்கடை வாசலில் எழுந்து நின்று கழற்றியே காட்டினார். உள்ளே கம்பளிப் பனியன்தான் இருந்தது. ஆனாலும் மைக்கேயின் பேனா ஓட ஆரம்பித்திருந்தது.

"ஹார்டி கோட்டைத் தாண்டினான். எட்டுப் பேரும் எழுந்தாங்க. அவன் முதல் அடியிலேயே நடுக்கோட்டுலேர்ந்து..."

"ஒரு தடவ தொட்டேன்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அதுவும் வெளிய போயிருச்சு, அண்ணே. ஒண்ணுக்கு ஒண்ணுலயே முடிஞ்சு தப்பிச்சோம்."

பதினேழாம் எண் பஸ் கடை வாசலில் நின்றிருந்தது. அங்கேதான் அதற்குக் கடைசி நிறுத்தம். ஓட்டுநர் சீருடையில் இருந்த ஹார்டி, படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது காலை மடக்காமல் இறங்கினான். குல்சென் கேட்காமலே காபியை நீட்டினாள். அவன் எதிரே பார்த்தான். 'ஹ' தொட்டிலில் மேலே போய்க்கொண்டிருந்தது.

"அந்த ஆளு பேரா?" என்றான். வாய்விட்டுச் சிரித்தான். "நல்லா முடுக்கச் சொல்லுங்கப்பா, விழுந்துரப் போகுது."

மைக்கே எழுந்து அவனுக்கு இடம் விட்டாள். "அந்த ஒரு வருஷம் கெடைச்சுதா?"

"கெடைச்சுது. மூணு கோலு போட்டேன். அக்டோபர்ல முட்டி போச்சு. பொண்ணு பொறந்தப்ப வேலையில இருந்தேன்ல, அது போதும்." காபியை ஊதினான். "எனக்குக் கெடைச்சுது. அந்த எட்டுப் பேருல அஞ்சு பேருக்கு அந்தக் கோடையிலயே கணக்கு முடிச்சுட்டாங்க. எகோன் அண்ணனுக்குத் திங்கக்கிழமையே சட்டை அறைப் பூட்டை மாத்திட்டாங்க."

"படுத்ததுக்கா?"

"அப்படின்னு சொல்ல முடியாதே. லோதர் அண்ணன் எட்டுச் சீட்டு எழுதிக் குடுத்தாரு, வெயில்ல சதைப்பிடிப்புன்னு. அபராதம் போட முடியலை. 'புதுமுகம் தேவை'ன்னு சொல்லி அனுப்பினாங்க."

"அது சதைப்பிடிப்புதான்," என்றார் லோதர், கோப்பைக்குள் பார்த்தபடி. "நான் பரிசோதிச்சேன்."

மைக்கே கைப்பையிலிருந்து அட்டைக் கோப்பு ஒன்றை எடுத்துத் திறந்தாள். மலருக்காக ஆவண அறையில் எடுத்த படங்கள். ஒன்றை உருவி, பின்பக்கத் தேதியைப் படித்துவிட்டு, லோதர் முன்னால் வைத்தாள். கடைசி ஆட்டம். கேலரி முழுக்க விரிந்த குடைகள். ஒட்டக நிறக் கோட்டு தோள்வரை நனைந்து கறுத்திருந்தது.

"வெயில்னு சொன்னீங்களேய்யா."

எகோன் வாயைத் திறந்தார். ஹார்டி அவர் முழங்கையைத் தொட்டான். அவர் மூடிக்கொண்டார், அவருக்கு அது எளிதான காரியம் அல்ல.

எதிரே தொட்டிலில் இருந்தவன், "நேரா இருக்கா?" என்று கீழே பார்த்துக் கத்தினான். லாரிக்காரன் கட்டைவிரலை உயர்த்தினான். கடைசி எழுத்து, மற்ற எல்லாவற்றையும் போலவே பளபளவென்று, சுவரில் போய் ஒட்டிக்கொண்டது.

லோதர் படத்தைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்துத் தேய்த்தார், எண்ணெய் துடைப்பது போல.

"ஆர்னே காலைத்தான் மொதல்ல பிடிச்சேன்," என்றார். "பிசைஞ்ச மாவு மாதிரி இருந்துச்சு. எங்கடா வலிக்குதுன்னு கேட்டேன். 'எங்க வேணும்னாலும் எழுதிக்கோ, லோதர்'ன்னான்." படத்தை மைக்கேயிடம் திருப்பிக் கொடுத்தார். "அதுக்கப்புறமும் எனக்குப் பதினொரு வருஷம் அங்க வேலை இருந்துச்சும்மா. எழுதிக்க. எட்டுக் காலையும் நான்தான் தொட்டுப் பாத்தேன். ஒண்ணுலகூடப் பிடிப்பு இல்ல. இவன் சொன்னபடியேதான் நடந்துச்சு."