இரண்டு பத்திரிகைக்கு ஒரு நாற்காலி

அந்த ஊரில் இரண்டு பத்திரிகைகள். ஒன்று விடியும்போது வரும், இன்னொன்று பொழுது சாயும்போது வரும். எதிரெதிர்க் கட்டடங்கள், நடுவில் ஒரு தெரு. காலைப் பத்திரிகைக்கு அவள் செய்தி ஆசிரியை. மாலைப் பத்திரிகையின் செய்தி ஆசிரியர் அவள் கணவர். அவள் அலுவலகத்தில் அவரை ‘மாலை மாப்பிள்ளை’ என்பார்கள். அந்தப் பக்கத்தில் அவளுக்கு ‘காலை அண்ணி’ என்று பெயர்.

வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான்: ஆபீஸ் செய்தி வாசற்படி தாண்டி உள்ளே வரக்கூடாது. சட்டம் போட்டவள் அவள். கல்யாணமான புதிதில், ஒரு பாலம் விரிசல் விட்ட விஷயத்தைப் பல் துலக்கியபடி உளறிவைத்தாள். அன்று மாலையே அது அவர் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்துவிட்டது. அதிலிருந்து போன் அடித்தால் ஒருவர் பால்கனிக்குப் போவார், மற்றவர் சமையலறைக்கு.

கொஞ்ச நாளாகவே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதலாளி வருகிறார், யார் முகத்தையும் பார்க்காமல் போகிறார். முன்பின் தெரியாத ஒருவன் வந்து அச்சுக்கூடத்தை டேப் வைத்து அளந்துவிட்டுப் போனான். ஊரில் யார் வீட்டுப் பூனை குட்டி போட்டாலும் முதலில் தெரிந்துகொள்கிறவளுக்குத் தன் ஆபீஸில் நடப்பது தெரியவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை காலை முதலாளியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். முதலாளியின் நாற்காலியில் வேறு ஒருவர் இருந்தார். பத்திரிகையை வாங்கிய கம்பெனியின் மேனேஜர்.

“ரெண்டு பேப்பரையும் நாங்க வாங்கிட்டோம் மேடம். திங்கட்கிழமையிலேருந்து ஒரே பேப்பர். எல்லாம் தலைமை அலுவலகத்துலயே தயாராகும். இந்த ஊருக்குன்னு ஒரு பக்கம். அதுக்கு ஒரு செய்தி ஆசிரியர் போதும்.”

“அச்சுக்கூடம்?”

“தேவைப்படாது. அங்கேயே அடிச்சு லாரியில அனுப்பிடுவோம்.”

“அச்சுக்கூடத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?”

“திங்கட்கிழமை வரும்போது தெரிஞ்சுக்கட்டும். இப்பவே சொன்னா வேலை கெடும்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அந்த ஒரு வேலைக்கு எதிர் ஆபீஸ் செய்தி ஆசிரியரைப் போன வாரமே கேட்டோம். யோசிக்கணும்னு இழுத்தடிக்கறார். அதனாலதான் உங்களைக் கேக்கறோம்.”

போன வாரமே! அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் அவள் காதில் விழவில்லை.

அத்தனை வருஷத்தில் ஒருநாளும் மிதிக்காத எதிர்க் கட்டடத்துக்குள் விறுவிறுவென்று நுழைந்தாள். தட்டச்சு ஓசை அப்படியே நின்றது. கணவர் எழுந்து நின்றார்.

“போன வாரமே தெரியுமா?”

“தெரியும்.”

“ஒரே வீட்லதானே இருக்கோம்? ஒரே சோப்பைத்தானே தேய்க்கறோம்?”

“சட்டம் போட்டது நீ.”

“பாலம் இடிஞ்சா சொல்லாதீங்கன்னு சொன்னேன். என் தலையில இடி விழுந்தாக்கூடவா?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே? நான் எடுத்துக்கறேன்னு சொன்னா உன்கிட்டேருந்து பிடுங்கின மாதிரி. நீயே எடுத்துக்கோன்னு சொன்னா பிச்சை போட்ட மாதிரி, அதுக்கும் குதிப்பே. அதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.”

சொன்னது அத்தனையும் உண்மை. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. ஆனால் அச்சுக்கூடத்து ஆட்களை நினைத்ததும் அவளுக்குச் சண்டையில் மனம் நிற்கவில்லை. அவளுடைய ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களை மேனேஜர் பார்த்த பிறகுதான் அச்சுக்கு விடுவார்கள். மாலைப் பத்திரிகை ஆபீஸில் அப்படிக் கண்காணிக்க இன்னும் யாரும் வந்து உட்காரவில்லை.

“முதல் பக்கம் முடிச்சாச்சா?”

“இன்னும் இல்லை. எதுக்கு?”

“எழுதிக்கோங்க.”

அவர் விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். அவள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே மேனேஜர் சொன்னதையெல்லாம் செய்தியாகச் சொன்னாள்.

“தலைப்புல ‘இணைப்பு’ன்னு போடட்டுமா?”

“இது என்ன கல்யாணப் பத்திரிகையா? ‘விற்பனை’ன்னு போடுங்க.”

“இது வெளிய வந்தா அந்த நாற்காலி உனக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது.”

“தெரியும். அடிங்க.”

பக்கம் அச்சுக்குப் போனதும் அவள் தெருவைத் தாண்டித் தன் அச்சுக்கூடத்துக்கு ஓடினாள். மற்றவர்கள் பேப்பரில் படிப்பதற்கு முன் இவர்களுக்குத் தன் வாயால் சொல்லிவிட வேண்டும். ஃபோர்மேன் கையிலிருந்த கந்தலால் விரல்களைத் துடைத்துக்கொண்டே கேட்டார். துடைத்த விரலையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“அப்ப திங்கட்கிழமை வந்து பூட்டைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருப்போம், அப்படித்தானேம்மா?” என்றார். அவள் தலையாட்டினாள்.

அன்று மாலைப் பத்திரிகை கடைகளில் தங்கவில்லை. பத்திரிகைகள் கைமாறுவதை அது தடுத்துவிடவும் இல்லை. கையெழுத்து போட்டது போட்டதுதான். ஆனால் திங்கட்கிழமை காலை இரண்டு அச்சுக்கூடத்து ஆட்களும் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள், கூடவே வாசகர்கள் பாதித் தெருவுக்கு நின்றார்கள். பின்வாசல் வழியாகப் போகப் பார்த்த மேனேஜர் உட்கார்ந்து பேசவேண்டி வந்தது. கிடைத்த நஷ்டஈடு போதாது என்று எல்லோருமே சொன்னார்கள். ஆனாலும் யாரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகவில்லை. நாற்காலிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவன் வந்தான், ஊரின் வடக்கு தெற்கே தெரியாதவன்.

அடுத்த வாரம் கணவனும் மனைவியும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தார்கள். இனி வாசற்படியில் எந்தச் சட்டமும் இல்லை. அவள் புதுப் பத்திரிகையை விரித்தாள். ஊருக்கான பக்கத்தில் வேறு ஏதோ ஊரின் வானிலை. பேனாவைத் தேடினாள், திருத்தி யாருக்குக் கொடுப்பது என்று தோன்றவே வைத்துவிட்டாள்.

“இன்னும் கோவமா?” என்றார் அவர்.

“போன வாரமே சொல்லியிருக்கணும்.”

“அது இப்ப போன மாசம் ஆகப்போகுது.”

“எந்த மாசமானாலும்.”

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். தீயணைப்பு வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு தெருவைக் கடந்தது. பின்னாலேயே இன்னொன்று.

“ரெண்டு வண்டி,” என்றாள்.

“நமக்கென்ன, நாம எந்தப் பேப்பர்ல போடப்போறோம்?” என்றபடியே அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். அவள் அதற்குள் படியிறங்கிவிட்டாள்.