கானுக்குள் நின்றவர்கள்

"மைக்க எங்கிட்ட குடுங்க மச்சான். இன்னைக்கு நான் சொல்லுதேன்."

கேட்டே விட்டாள் அழகுத்தாய். சேலை கேள், கம்மல் கேள், மூணாறுக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கேள், அதை மட்டும் அவன்கிட்ட கேட்டுத் தொலையாதே என்று அம்மா சாந்தம்மாள் அன்று காலையில்கூடத் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். தை பிறந்தால் கல்யாணம். மாப்பிள்ளை குருசாமி, சொந்த அத்தை மகன். அவன் பெயர் மைக்கோடு ஒட்டிக்கொண்ட பெயர். அதைப் பிடுங்கினால் அவன் மிஞ்சமாட்டான் என்று அம்மாவுக்குத் தெரியும். அழகுத்தாய்க்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

குருசாமி மைக்கைத் துண்டால் துடைத்தபடியே சிரித்தான்.

"நீதானட்டி சொல்லுத? நான் சத்தமாச் சொல்லுதேன், அவ்வளவுதான்."

"அப்பம் சத்தமாவும் நானே சொல்லிருதேன்."

"பொம்பளப்புள்ள மைக்கப் புடிச்சா எவன் படத்தப் பாப்பான்? ஒன்னயல்லா பாப்பானுவ!"

ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த மொக்கையன் கெக்கெக்கே என்று சிரித்தார். அவ்வளவுதான், கேட்டது முடிந்துபோயிற்று.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் அது. சின்னக்கானலுக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டில் மாதத்துக்கு ஒருமுறை படம் போடுவார்கள். சனிக்கிழமை துரைமார் கிளப்பில் ஓடி முடிந்த படப்பெட்டி, திருப்பி அனுப்புவதற்கு முன் ஞாயிறு சாயங்காலம், காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் மஸ்டர் களத்துக்கு வரும். தொழிலாளிக்கென்று தனியாகப் படம் எடுக்க எவனும் காசு தரமாட்டான். அதனால் எப்போதும் இங்கிலீஷ் படம்தான். ஒன்று குதிரை ஓடும், இல்லாவிட்டால் குண்டு வெடிக்கும். இரண்டு சவுக்கு மரத்துக்கு நடுவே வேட்டியைத் தைத்துக் கட்டி, படத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஒருவன் மைக்கில் தமிழில் கதை சொல்லுவான். அந்த ஒருவன் குருசாமி. ஃபேக்டரியில் கொழுந்து உருட்டும் மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழுத்த குரல் அவனுக்கு. இங்கிலீஷ்தான் வராது. எட்டாவதோடு நின்றவன்.

அழகுத்தாய் பி.ஏ. சித்தூர் கல்லூரி ஹாஸ்டலில் மூன்று வருஷம் புளித்த மோரைக் குடித்துவிட்டு வாங்கிய பி.ஏ. தொழிலாளிகளின் வரிசை வீடுகளான அந்த லயத்தில் மட்டுமில்லை, மலையின் அந்தப் பக்கச் சரிவு முழுக்க அப்படியொருத்தி கிடையாது. படித்துவிட்டு வந்து இரண்டு வருஷமாக அவள் செய்வது இதுதான்: குருசாமியின் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்த பெஞ்சில் உட்கார்ந்து, வெள்ளைக்காரன் பேசுவதைப் பொறுக்கித் தமிழாக்கி அவன் காதில் ஊதுவது. மறுநாள் கொழுந்து மலையில் பெண்கள் அந்த வசனங்களைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். "குருசாமி என்னமாச் சொன்னான் பாத்தியா!" தான் பெற்ற பிள்ளைக்கு வேறு எவனோ பெயர் வைத்துக் கூப்பிடுவதைப்போல அவளுக்கு வயிறு எரியும். கட்டிக்கப் போகிறவன் மேல் பொறாமைப்படுகிறவள் உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைப்பாள். நினைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் பொறாமைப்படுவாள்.

அன்றைக்கு விஷயம் வயிற்றெரிச்சலோடு நிற்கவில்லை. கம்பெனி ஒரு சினிமா வேன் வாங்கியிருந்தது. எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் படம் போட, கதை சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஸ்டாஃப் வேலை, தனி வீடு. யாரை எடுப்பது என்று பார்க்க வெல்ஃபேர் ஆபீசரே வந்து முன்வரிசை நாற்காலியில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார். மைக்கில் யார் குரல் கேட்கிறதோ அவருக்கு வேலை. அம்மாவின் கணக்கு எளிமையானது: "அவனுக்குக் கெடச்சா ஒனக்குக் கெடச்ச மாதிரிதானட்டி?"

இருட்டியதும் படம் தொடங்கியது. முதல் உலக யுத்தம். மழை. சேறு. ஆள் உயரத்துக்கு வெட்டிய பள்ளத்தில் சிப்பாய்கள் வரிசையாக நிற்கிறார்கள். பள்ளத்தின் மண்சுவரிலிருந்து ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. முன்பு செத்தவனுடைய கை. போகிற வருகிற சிப்பாய் எல்லாம் அதில் தொப்பியை மாட்டிவிட்டுப் போகிறான். பாதி ராத்திரியில் அந்தக் கை தொப்பியை இறுக்கிப் பிடிக்கிறது.

கூட்டத்துக்கு அந்தப் பள்ளம் பிடிபடவில்லை. ஏதோ கிணறு என்றார்கள். அழகுத்தாய்க்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. தேயிலைச் சரிவில் மழைத்தண்ணீர் இறங்க ஆழமாக வெட்டுகிற வாய்க்காலுக்கு எஸ்டேட்டில் கான் என்று பெயர். அவள் அப்பா பெரியமுத்து கான் வெட்டியவர். கான் வெட்டும்போதே கரை சரிந்து மூடிப் போனவர். அவள் குனிந்து ஊதினாள்: "கான்னு சொல்லுங்க. கான் வெட்டுனவனே கானுக்குள்ள பொதஞ்சு கெடக்கான். மேல நிக்கிறவனுக்குத் தொப்பி மாட்ட கை குடுக்கான்."

குருசாமி சொன்னான். கம்பளிக்குள்ளிருந்து ஒரு கிழவி "அய்யோ சாமி" என்றாள். ஆபீசர் நாற்காலியோடு திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். திரும்பிய அந்தத் தலை குருசாமியோடு நின்றுவிட்டது. பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதே அதற்குத் தெரியவில்லை.

ரீல் மாற்றினார்கள். யாரோ குருசாமிக்குக் கட்டஞ்சாயா கொண்டுவந்து கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு மூக்கம்மாள் அழகுத்தாயின் தோளில் இடித்தாள். "ஏட்டி, இப்பமே காதுல மந்திரம் ஓதுதியே, கல்யாணத்துக்குப் பொறவு அவன் வாயத் தொறப்பானா?"

ஆபீசர் எழுந்து வந்து மலையாளத்தில் மெச்சினார். "கொள்ளாமே! நீ இங்கிலீஷ் எவிடெப் படிச்சு?"

குருசாமி எழுந்து நின்று துண்டைக் கக்கத்தில் இடுக்கினான். "எங்கயும் படிக்கலைங்க சார். கேட்டுக் கேட்டு வந்ததுதான்."

பொய் சொல்லவில்லை, படுபாவி. கேட்டுத்தான் வந்தது. அவன் அதைச் சொல்லும்போது ஒருமுறையாவது திரும்பிப் பார்ப்பான் என்று எதிர்பார்த்தாள். சாயாவை உறிஞ்சினான்.

அந்த இடத்திலேயே அவள் மனசுக்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. கூடப் படித்த ரோசி கொழிஞ்சாம்பாறையில் டுடோரியல் நடத்துகிறாள், பாடம் எடுக்க வா வா என்று இரண்டு முறை ஆள்விட்டுச் சொல்லியாயிற்று. தை வரட்டும், அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று இழுத்தது போதும். யாரையும் கேட்கப்போவதில்லை. காலை பஸ். கல்யாணமும் இல்லை, காதில் ஊதுவதும் இல்லை. இனி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை இவனுக்குக் கிடையாது.

இரண்டாவது ரீல் ஓடத் தொடங்கியது. கேப்டன் ஒருவன் கானுக்குள் நின்று ஏதோ காகிதத்தைப் பார்த்துப் பேசுகிறான். குருசாமி தலையைப் பின்னால் சாய்த்தான். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். "என்னட்டி?" என்றான் மைக்கைப் பொத்திக்கொண்டு. அவள் திரையைப் பார்த்தாள். அவன் கை பின்னால் வந்து அவள் மணிக்கட்டைத் தேடிக் கிள்ளியது. கிள்ளட்டும். ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டது. "யப்பா குருசாமி, ஒறங்கிட்டியா?" என்று ஆண்கள் பக்கமிருந்து குரல். ஆபீசர் கழுத்தைத் திருப்பினார். அழகுத்தாய்க்கு இரண்டு வருஷத்தில் முதல்முறையாக நெஞ்சு குளிர்ந்தது. செத்துத் தொலை என்று நினைத்தாள். சொல்லு பார்ப்போம்.

குருசாமி சொன்னான். மெதுவாக, கங்காணியின் குரலில்.

"மஸ்டர் எடுக்கான். செத்தவனுக்கு மஸ்டர். மேல்டிவிசன் சின்னமாடன்!"

குரலைத் தொண்டைக்குள் இறக்கி, மண்ணுக்குள்ளிருந்து வருவதுபோல அவனே பதில் சொன்னான்: "ஆஜர்."

சின்னமாடன் போன மழையில் பாம்பு கடித்துச் செத்தவன். களம் மூச்சை இழுத்தது. திரையில் சேற்றிலிருந்து ஒரு தலை எழுந்தது.

"ஆஸ்பத்திரி லயம் வேலம்மா!"

"ஆஜர்." இந்த முறை குருசாமி மட்டும் சொல்லவில்லை. பெண்கள் பக்கமிருந்து வேலம்மாவின் மகளும் சொன்னாள்.

படத்தில் அப்படி ஒன்றும் இல்லை. கேப்டன் தனக்கு வந்த உத்தரவைப் படித்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். இங்கிலீஷ் தெரிந்த ஆபீசருக்கும் அது தெரிந்திருக்கும். ஆனால் அவரும் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். அழகுத்தாய்க்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. இவன் எப்படி இதைக் கண்டுபிடித்தான்? உள்ளதை உள்ளபடி பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த தனக்கு ஏன் இது ஒருநாளும் தோன்றவில்லை? திருட்டுப் பயல் என்று நினைத்தவரை நிம்மதியாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

"கான்வெட்டு பெரியமுத்து!"

அவள் அப்பா பெயர். மைக்கில் வந்து, மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் வந்து, எதிர்மலையில் முட்டித் திரும்பி வந்தது. குருசாமி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பெண்கள் கூட்டத்தின் நடுவிலிருந்து அம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, காலை மஸ்டரில் பேர் கொடுக்கிற அதே பணிவோடு, "ஆஜருங்க" என்றாள். பிறகு விம்மினாள். களமே விம்மியது.

அழகுத்தாயின் தொண்டையிலும் அந்தச் சொல் வந்து நின்றது. விழுங்கினாள். எங்கள் அப்பாவையுமா எடுத்துக்கொண்டாய் என்று ஒரு நொடி. அப்பாவுக்காக ஊரையே அழவைக்க என்னால் முடியவில்லையே என்று அடுத்த நொடி. இரண்டாவதுதான் அதிகமாகச் சுட்டது.

எழுந்தாள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே விட்டிருந்த வழி நேராகத் திரைக்குத்தான் போகும், அதற்குப் பின்னால் லயத்துக்கு இறங்கும் பாதை. குனிந்து ஓரமாகப் போவதுதான் வழக்கம். அவள் குனியவில்லை. புரொஜெக்டர் வெளிச்சத்துக்குள் நிமிர்ந்து நடந்தாள். கானும் சேறும் சிப்பாய்களும் அவள் முதுகில் ஊர்ந்தன. திரையில் மலைபோல ஒரு கறுப்பு நிழல் எழுந்து எல்லாவற்றையும் மூடியது.

"ஏய், மறைக்காத! யாருட்டி அது!"

மைக் ஒருகணம் வெறுமனே இரைந்தது. பிறகு குருசாமியின் குரல் வந்தது, கொஞ்சம் நடுங்கி, உடனே தேறிக்கொண்டு: "அந்தா... அந்தா பாருங்க... ஒருத்தி எந்திரிச்சிட்டா! கானுக்குள்ள இருந்து ஒருத்தி எந்திரிச்சு வாரா..."

கூட்டம் அலறியது. சிலர் சிரித்தார்கள்.

அழகுத்தாய் திரும்பவில்லை. திரையை நெருங்க நெருங்க அந்த நிழல் சிறுத்துக்கொண்டே வந்து, வேட்டித் துணிக்கு முன்னால் நின்றபோது அவள் உயரத்துக்கே இருந்தது. துணியின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கினாள்.