கிராணி நடந்து வரும் வழி

1

இந்தக் கதை நான் விழுந்ததில் பிறந்தது. பட்டர்வொர்த்தில் ஒரு பேரங்காடி. தரையைத் துடைத்தவள், ஈரம் என்று எழுதிய மஞ்சள் பலகையை எடுத்து வருவதற்குள் நான் காலை வைத்துவிட்டேன். மல்லாந்து கிடந்தபோது அவள் முகம் மேலே தெரிந்தது. மேலாளர் திட்டுவாரே என்ற பயம் அதில் இருந்தது. ஆனால் அந்தப் பயம் வந்து சேர்வதற்கு ஒரு கணம் முன்னால், எனக்கு அடிபட்டிருக்கக் கூடாதே என்ற பதைப்பு இருந்தது. நான் யாரென்றே தெரியாதவளுக்கு.

இடுப்பு வலி போன பிறகும் அந்தப் பதைப்பு என்னை விட்டுப் போகவில்லை. முன்பின் தெரியாத ஒருவனுக்கே இப்படி என்றால், தெரிந்த ஒருவர் விழுந்துவிடக் கூடாதே என்று ஒருத்தி தினமும் தரையைத் தேய்த்தால் அதற்கு என்ன பெயர்? எழுத உட்கார்ந்தேன்.

கடைத்தெருவில் வெயில் ஏறும் முன்பே தனலெட்சுமி எழுந்து, வெளுக்கும் வானத்தை ஏறிட்டு—

வேண்டாம். எண்ணெய்க் கடைக்காரி விடிந்ததும் வானத்தைப் பார்ப்பதில்லை. தரையைப் பார்க்கிறாள்.

2

ஆகவே தரையிலிருந்து தொடங்குகிறேன்.

பட்டர்வொர்த்துக்கு எதிரே, தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுன் கடைத்தெரு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். குறுகலாக, நீளமாக உள்ளே போகும் ஓர் எண்ணெய்க் கடை. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், விளக்குக்கு மண்ணெண்ணெய். அந்தத் தரையோடு தனலெட்சுமிக்கு ஓயாத சண்டை. அளக்கும்போது சொட்டும், டின்னின் அடி கசியும், வாங்க வருகிறவர்களின் போத்தல் வழியும். சொட்டு விழுந்த இடத்தில் உடனே மரத்தூளைப் போடுவாள். ஊறியதும் கூட்டி அள்ளுவாள். மாலையில் சீயக்காய்த் தூளும் வெந்நீரும் விட்டுத் தேய்ப்பாள். பிறகு வெறுங்காலை வைத்து அழுத்திப் பார்ப்பாள். கால் நகர்ந்தால் மறுபடியும் தேய்ப்பாள்.

(அந்தக் காலத்தில் ஒரு விதவையைக் கடையில் தனியாக உட்காரவிட்டிருப்பார்களா என்று, முதல் வரைவைப் படித்த என் தோழி சபூரா கேட்டாள். விட்டிருக்க மாட்டார்கள். அதனால் கொழுந்தன் சின்னையாவைச் சேர்த்தேன். தனலெட்சுமியின் கணவன் காய்ச்சலில் போன பிறகு கடை சின்னையாவுடையது. சரக்குக்காகத் துறைமுகத்துக்கும் அக்கரைக்கும் அலைகிறவன் அவன். அண்ணி கடையைப் பார்த்துக்கொள்கிறாள். அவன் கெட்டவன் இல்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பின்னால் நீங்கள் அவனை வெறுக்கப் பார்ப்பீர்கள்.)

3

ஆர்தர் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி. ஊரார் குமாஸ்தாவை அப்படித்தான் அழைத்தார்கள். நாற்பது வயது. வெள்ளைக் கோட்டு, தொப்பி, ஞாயிறு தவறாத தேவாலயப் பூசை. கல்யாணம் ஆகவில்லை. (ஏன் ஆகவில்லை என்று மூன்று பத்தி எழுதி அடித்துவிட்டேன். சிலருக்கு ஆவதில்லை.) சனிக்கிழமைப் பிற்பகல்களில் தேங்காயெண்ணெய் வாங்க வருவார். கடைக்காரியிடம் மரியாதையாகப் பேசுவார், கிளம்புவார். அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை தெரு வெயிலிலிருந்து உள்ளே வந்தவர், தூணில் மாட்டியிருந்த கோணிச் சாக்கைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். தனலெட்சுமி எதிர்ப்பக்கம் தராசருகே நின்றிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் அவருடைய இடது கையைக் கவனித்தாள். அது காற்றில் துழாவி, பக்கத்திலிருந்த டின்னின் விளிம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது; வெளிச்சத்தில் ஓரளவு தெரிந்தது. ஆபீசில் சன்னலோர மேசை, பூதக்கண்ணாடி, பழகிப்போன வேலை எல்லாம் சேர்ந்து காப்பாற்றின. இருட்டான கடைக்குள் நுழைந்தால் எதுவுமே தெரியவில்லை. அவள் நின்ற இடத்திலிருந்து சற்று உரக்க, “வாங்க கிராணி, இப்பிடி வாங்க” என்றாள். அவர் குரல் வந்த திசைக்குத் திரும்பி, எதுவும் நடக்காததுபோல இன்னொரு முறை வணங்கினார். அவளும் அப்போதுதான் பார்த்ததுபோல வணங்கினாள்.

4

அடுத்த சனிக்கிழமைக்குள் கடை மாறியிருந்தது. வாசலிலிருந்து தராசு வரை டின்களை இடுப்பு உயரத்துக்கு ஒரே வரிசையாக அடுக்கினாள். கையைக் கிழிக்கும் தகர விளிம்புகளைச் சுத்தியலால் தட்டி மடக்கி, மேலே கோணித் துணி சுற்றினாள். தலையில் இடிக்கும்படி தொங்கியவற்றை உள்ளே கொண்டுபோனாள். வாசல்படியின் ஓரத்தில் சுண்ணாம்பு பூசினாள். அண்ணி கை பட்டதும் கடையில் கால் வைக்கவே ஆசையாக இருக்கிறது என்று சின்னையா கடைத்தெரு முழுக்கச் சொன்னான். வாடிக்கை கூடியது.

ஆர்தர் வந்தார். விரல்கள் துணியின் மேல் ஓடின. பாதி வழியில் நின்றார். எல்லாம் புரிந்த ஒருவர் நிற்பதுபோல நின்றார். பிறகு கையை எடுத்துவிட்டு, நிமிர்ந்து, மீதி தூரத்தைச் சும்மா நடந்து வந்தார்.

அதன்பின் வெள்ளிக்கிழமைத் தேய்ப்பு மற்ற நாள்களைவிட நீண்டது. சனிக்கிழமை மதியத்திலிருந்து தெருவில் நடக்கும் சப்பாத்துக் கால்களின் ஒலிகளில் ஒன்றை மட்டும் காது தேடியது. அவளுக்கு வேண்டியதெல்லாம்—

அவள் ஆசைப்பட்டது என்னவென்றால்—

(எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.)

ஒரு மழை நாளில் கடையில் வேறு யாரும் இல்லை. எண்ணெயை வாங்கிக்கொண்ட பிறகும் அவர் கிளம்பவில்லை.

“வெளிய ஒவ்வொரு அடியும் யோசிச்சு வைக்கிறேம்மா. ஆபீசுல தெரிஞ்சா வேலை போயிடும், அதனால யார்கிட்டயும் சொல்லல. இங்க மட்டுந்தான் யோசிக்காம நடக்கிறேன்.”

அவள் தராசின் தட்டைத் துடைத்தாள். கடைசியில், “தரை ஈரமா இருக்கு, பாத்துப் போங்க” என்றாள்.

தரை காய்ந்துதான் இருந்தது. அவளுக்கு இதைவிட நல்ல வசனங்கள் எழுதிப் பார்த்தேன். எதுவும் அவள் வாயில் நிற்கவில்லை. எல்லாம் என் குரலிலேயே கேட்டன.

5

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. நாகப்பட்டினத்துக் கப்பலில் நல்லெண்ணெய் வந்து இறங்கியது. வைக்க இடமில்லை. தனலெட்சுமி மரத்தூள் வாங்கத் தச்சுப்பட்டறைக்குப் போயிருந்த நேரம் அது. சின்னையா வரிசையைக் கலைத்து, புது டின்களை நடைவழியிலேயே இறக்கினான். கூட்டம் நெரிந்தது.

அவள் மூட்டையோடு திரும்பியபோது வெள்ளைத் தொப்பி உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவள் கத்தினாள். கூட்டத்தின் சத்தத்தில் அது எட்டவில்லை. ஆர்தர் பழகிய வேகத்தில் நடந்து டின்களின் மேல் விழுந்தார். ஒரு டின் பிளந்து எண்ணெய் பரவியது. எழப் பார்த்து மறுபடி வழுக்கினார். சிலர் சிரித்தார்கள். பண்டிகைச் சாமான் வாங்க வந்திருந்த அவருடைய ஆபீஸ்காரர் ஒருவர் குனிந்து, அவர் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தார்.

“ஆர்தர், ஒனக்குக் கண்ணு தெரியலையா?”

கடை முழுக்கக் கேட்டது.

ஒரு வரைவில் சின்னையா இதை வேண்டுமென்றே செய்தான். அண்ணியைப் பற்றி எவனோ ஏதோ சொல்லியிருந்தான், அவனுக்குப் பொறுக்கவில்லை. அப்படி எழுதியிருந்தால் கதை சுலபமாக நகர்ந்திருக்கும். ஆனால் நான் பார்க்கும்போதெல்லாம் அவன் எண்ணெயில் மண்டியிட்டு, ஆர்தரின் கிழிந்த கைக்குத் தன் துண்டைக் கட்டிக்கொண்டிருக்கிறான். பிறகு அவளிடம் வந்து, “எனக்குத் தெரியாதே அண்ணி. ஒரு வார்த்த சொல்லியிருந்தா வழிய அடைச்சிருப்பேனா?” என்கிறான்.

எப்படிச் சொல்லியிருப்பாள்? சொல்லியிருந்தால் எதையெல்லாம் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்!

வேலை போயிற்று. அக்கரையில் நிபோங் தெபால் பக்கம் பைராம் தோட்டத்திலிருந்து அவருடைய தங்கை ஜூலியானா வந்து அழைத்துப் போனாள். விடைபெற அவர் வரவில்லை. தனியாக வர முடிந்தால்தானே.

6

அவள் வரிசையை மறுபடி அடுக்கினாள், தேய்த்தாள். சனிக்கிழமை மதியங்களில் சப்பாத்து ஒலி கேட்டால் அளக்கும் கை நின்றது, எண்ணெய் வழிந்தது.

முதல் முடிவு: வருடங்கள் ஓடுகின்றன, தலை நரைக்கிறது, யாருக்காக என்று எவருக்கும் தெரியாமல் அந்த வழி மட்டும் சுத்தமாக இருக்கிறது. எழுதி முடித்தேன். அழகாகத்தான் இருந்தது. சபூரா படித்துவிட்டு, “ஏன், அவளுக்குக் காலில்லையா?” என்று கேட்டாள்.

(இரண்டாம் முடிவில் ஒரு டாக்டர் வந்து அவர் கண்ணைச் சரிசெய்தார். அதைக் கிழித்துப்போட சபூரா தேவைப்படவில்லை.)

ஆகவே அவள் போகிறாள். அக்கரைக்குப் போய்க் கிராணியைப் பார்க்க வேண்டும் என்று சின்னையாவிடம் சொன்னாள். அவன் கையிலிருந்த டின்னைக் கீழே வைத்தான்.

“ஊர் பேசும் அண்ணி.”

“பேசட்டும். நம்ம கடையில விழுந்த மனுசன்.”

மறுநாள் காலை அவனே அவளைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போய்ப் படகுச் சீட்டு வாங்கிக் கொடுத்தான். கூட வரவில்லை. படகு கிளம்பும் நேரத்தில், திரும்பி வருவீங்கதானே என்று மெல்லக் கேட்டான். நீராவிச் சங்கு ஊதியது. அவள் கேட்காததுபோல அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

7

அக்கரையில் ரயில் ஏறி இறங்கி, மாட்டு வண்டியில் தோட்டம் போய்ச் சேர்ந்தாள். ஜூலியானா நல்லவள், கைநிறையப் பிள்ளைகள். முன்னறை முழுக்க முக்காலி, சிலேட்டு, வாளி, காயாத துணி, விறகுத்துண்டு. சன்னலோரம் ஒரு நாற்காலி. அதில் ஆர்தர் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார்.

எழுந்தால் விழுந்துவிடுகிறார், அதனால் உட்காரவைத்தே பழக்கிவிட்டோம் என்று ஜூலியானா வாசலிலேயே தாழ்ந்த குரலில் சொன்னாள். அவரைக் கூப்பிட வாயெடுத்தவளைத் தனலெட்சுமி கையைப் பிடித்துத் தடுத்தாள். கையிலிருந்த துணிமூட்டையை இறக்கிவைத்தாள். சேலை முந்தியைச் செருகிக்கொண்டாள்.

முக்காலியைச் சுவரோரம் நகர்த்தினாள். சிலேட்டை அலமாரியில் வைத்தாள். வாளி வெளியே போனது. விறகு போனது. தண்ணீர் சிந்தியிருந்த இடத்தைத் துடைத்து, வெறுங்காலால் அழுத்திப் பார்த்தாள். நாற்காலியின் காலடியிலிருந்து வாசல் வரை ஆள் நடக்கும் அகலத்துக்குத் தரை தெரிந்தது.

முதலில் அவர் தலையைத் திருப்பவில்லை. அந்த வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை. பிறகு மெல்லத் திருப்பினார். துடைக்கும் ஓசை, அது நின்ற கணம், தரையை அழுத்திய பாதம். முகம் கூர்மையாகிக்கொண்டே வந்தது.

“யாரு?” என்றார்.

தனலெட்சுமி வாசலருகே நிற்கிறாள். படகு முழுக்கச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. என்னிடமும் இல்லை. அவள் குரல் கொடுத்தால் அவர் வருவார்; வந்தால் அவள் எங்கே திரும்பிப் போவாள்? கொடுக்காவிட்டால், அவர் இனி எதற்காக எழுந்திருப்பார்? அவள் பேசுவாளா, அவர் நடப்பாரா, மாலைப் படகில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதையெல்லாம் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது ஒன்றுதான். நாற்காலியிலிருந்து வாசல் வரை நானும் நடந்து பார்த்தேன். காலில் இடற ஒன்றுமில்லை. அவர் இரண்டு கைகளையும் நாற்காலியின் கைகளில் ஊன்றுகிறார். இதற்கு மேல் நான் இங்கே நின்றால் வழிக்கு இடைஞ்சல். விலகிக்கொள்கிறேன்.