திருடப் போன கேப்டன்

மர்ச்செனா ஊரில் புறா வளர்க்கிற யாருக்குமே வாய் கொஞ்சம் நீளம்தான். எலாதியோவுக்கோ காது வரைக்கும். தொண்டையை ஊதிக்காட்டி, அடுத்த வீட்டு மாடியிலிருந்து பெட்டையை மயக்கிக் கூட்டி வருவதுதான் ஊதுபுறாவின் தொழில். எந்தக் கூண்டுக்குள் நுழைகிறதோ, அந்தக் கூண்டுக்காரருக்கே புறா சொந்தம்; அதுதான் ஊர்ச் சட்டம். "திருப்பிக் கேக்குறவன் ஆம்பளையே இல்ல" என்று சாராயக் கடையில் மேசையைத் தட்டிச் சொன்னவனும் இவனேதான்.

இவனுடைய ஊதுபுறா கேப்டன், அப்பா காலத்து வம்சத்தில் மிஞ்சிய ஒரே ஆண். இன்னும் ஒரு குஞ்சுகூட எடுக்கவில்லை. ஜோடி பக்கத்திலேயே இருந்தால் திருடப் போகிற வேகம் குறைந்துவிடும் என்று பெட்டையைப் பிரித்து வைத்திருந்தான். அந்த நேரம் பார்த்து, சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் மாடியிலேயே கிடக்கிறான் என்று மனைவி பெனிட்டா சண்டை போட்டுக்கொண்டு நாலு வீடு தள்ளி, மாடியில் புறாக்கூண்டு வைத்திருந்த தன் தங்கை கசில்டா வீட்டுக்குக் கிளம்பினாள். இவனுக்கும் வீம்பு. "அந்தப் பெட்டையையும் தூக்கிக்கிட்டுப் போ!" என்றான். அவளும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போன பதினாறாம் நாள், அதுவரை அடைத்து வைத்திருந்த கேப்டனைத் திறந்துவிட்டான். அது தொண்டையைப் பூசணிக்காய் மாதிரி ஊதிக்கொண்டு, சிறகைப் படபடவென்று தட்டி, எந்த மாடியையும் ஏறெடுத்துப் பார்க்காமல் நேரே கசில்டா வீட்டுக் கூண்டுக்குள் போய்விட்டது. கூண்டுக் கதவு விழுந்த சத்தம் இவனுக்கு இங்கே கேட்டது.

ஐயோ, மனுஷன் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான். ஓடிப்போய்க் கதவைத் தட்டினான்.

"வாங்க மாமா! உங்க கேப்டன் திருட வரல, பொண்டாட்டிகிட்ட வந்திருக்கு" என்று சிரித்தாள் கசில்டா.

பெனிட்டா அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்:

"திருப்பிக் கேக்குறவன் ஆம்பளையே இல்லன்னு யாரோ சொன்னாங்களே?"

"அடியே, அது அப்பாவோட வம்சம்டி!"

"புறாவுக்கு ஒரு நாள் போதும். உங்களுக்குப் பதினாறு நாளா? அதுவும் எதுக்கு வந்தீங்க, எனக்காகவா, புறாவுக்காகவா?"

பொய் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. "புறாவுக்காகத்தான்" என்றான். "வீட்ல சத்தமே இல்ல பெனி. அதுவும் போயிடுச்சுன்னா நான் யாரோட பேசுவேன்?"

பெனிட்டா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள். தாழும் போட்டாள்.

"கேப்டனைத் தர மாட்டேன். சட்டம்னா சட்டம். நுழைஞ்சது எங்களுது" என்றாள். பிறகு இவனை உட்கார வைத்து, பூண்டுத் தட்டை மடியில் வைத்தாள். "நீங்களும்தான் நுழைஞ்சிருக்கீங்க. உரிங்க."